வெற்றிலையில் தெரியாத போன் நம்பர்

சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற மினிபஸ்ஸுக்கு 2007-ஆம் வருஷம் புதிதாக ஒரு நிறுத்தம் முளைத்தது. அரசாங்கம் வைத்த நிறுத்தம் அல்ல, கண்டக்டர் வைத்தது. “மைச்சாமி எல்லாம் இறங்குங்க” என்று அவர் குரல் கொடுத்தால் பாதி பஸ் காலியாகும். செவ்வாயும் வெள்ளியும் முழு பஸ்ஸும் காலியாகி டிரைவர் மட்டும் மிஞ்சுவார். ஒரு வெள்ளிக்கிழமை டிரைவரும் இறங்கிப் போய்விட்டார். அவருடைய கைக்கடிகாரம் காணாமல் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

மைச்சாமியின் சொந்தப் பெயர் நாகையா. வெற்றிலையின் நடுவில் கறுப்பு மையைத் தடவி, குத்துவிளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்து, திருடு போன பொருள் எங்கே இருக்கிறது, எடுத்தது யார் என்று சொல்லுவார். அதற்கு முன்னால் அவர் சாத்தூர்ப் பக்கம் சீட்டு நடத்தி, சீட்டோடு சேர்ந்து காணாமல் போனவர் என்று ஒரு பேச்சு உண்டு. காணாமல் போய்ப் பழக்கம் உள்ளவருக்குத்தானே காணாமல் போனதைக் கண்டுபிடிக்கத் தெரியும் என்று பக்தர்கள் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள்.

அற்புதங்களுக்குக் குறைவில்லை. அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனி போர்மேனின் சைக்கிள் தொலைந்தபோது, “தெற்கே, தண்ணிப் பக்கம், முள்ளு” என்றார் சாமி. கண்மாய்க் கரைக் கருவேலங்காட்டில் சைக்கிள் நின்றது. மரத்தில் சாய்த்து, பத்திரமாகப் பூட்டுப் போட்டு நின்றது. அடுத்து ஒரு எவர்சில்வர் குடம். அதற்கடுத்து ஒரு டிரான்சிஸ்டர். சாமிக்குக் கிடைப்பதெல்லாம் ஓட்டைச் சைக்கிளும் ஒடுங்கிய குடமுமாகவே இருக்கிறதே, தங்கமும் கேமராவும் ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டவர் யாரும் இல்லை. கேட்டிருந்தாலும் பதில் தயாராக இருந்தது. விலை கூடிய பொருளுக்குக் கால் வேகம் அதிகமாம். மையில் முகம் தெரிவதற்குள் அது கடல் தாண்டிவிடுமாம்.

இப்படிப்பட்ட சாமியை முதலில் நம்பியவர்களில் ஒருவர் தனுஷ்கோடி அண்ணாச்சி. சிவகாசியில் ஆப்செட் பிரஸ் வைத்திருந்தார். தினசரிக் காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் அவருடைய தொழில். நல்ல மனிதர், கொடுத்த வாக்குத் தவறாதவர், எந்த ஆர்டரையும் முன்பணம் பார்க்காமல் மிஷினில் ஏற்றமாட்டார். காகிதத்தின் கனத்தை இரண்டு விரலால் தடவியே சொல்லிவிடுவார். அவரிடம் மட்டமான மையை எவனாலும் விற்க முடியாது. வெற்றிலையில் தடவிய மை ஒன்றுதான் அவரிடம் விலை போனது.

சாமியின் படம் போட்ட காலண்டரை அண்ணாச்சி காணிக்கையாகவே அச்சடித்துக் கொடுத்தார். அதோடு ஒரு படிவமும் அடித்துக் கொடுத்தார். அதன் பெயர் ‘பொருள் காப்பு விண்ணப்பம்’. வீட்டில் உள்ள விலை உயர்ந்த பொருள்கள், அவை இருக்கும் திசை, வீட்டார் வெளியே போகும் நேரம், கடைசியாகச் சாவி வைக்கும் இடம் எல்லாம் எழுத வேண்டும். சாவி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் காப்புத் தகடு கட்ட வேண்டுமாம். சனங்கள் வரிசையில் நின்று, பேனா கடன் வாங்கி, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தார்கள். வாங்கி அடுக்கி வைத்தவன் கருத்தப்பாண்டி. சாமியின் உதவியாளன், முன்பு கூரியர் ஆபீஸில் வேலை பார்த்தவன், கம்ப்யூட்டர் படித்தவன். எழுத்துத் தெளிவில்லாத இடத்தை மறுபடி கேட்டு எழுதிக்கொள்ளும் அளவுக்குப் பொறுப்பானவன்.

அண்ணாச்சியும் எழுதினார். வெள்ளி விளக்கு இரண்டு, சங்கிலி ஒன்று, எல்லாம் பீரோவில் என்று எழுதியவர், கடைசியில் தன் உயிரையும் எழுதினார். அவருடைய உயிர் ஒரு ஆல்பம். பழைய தீப்பெட்டி லேபிள்களை முப்பது வருஷமாகத் தேடித் தேடி ஒட்டிச் சேர்த்த ஆல்பம். ‘வெளிநாட்டுக்காரன் லட்சம் தந்தாலும் கொடுக்கமாட்டேன்’ என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிட்டார். சாவி வைக்கும் இடம்: கரண்டு மீட்டர் பெட்டிக்குப் பின்னால்.

ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அண்ணாச்சியும் அவர் சம்சாரம் பத்திரகாளியும் தகடு வாங்குவதற்காக வெயிலில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றார்கள். தகட்டோடு வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தால் விளக்கு இருந்தது, சங்கிலி இருந்தது. ஆல்பம் மட்டும் இல்லை.

வேறொருவராக இருந்தால் போலீஸுக்குப் போயிருப்பார். அண்ணாச்சி வந்த வழியே திரும்பிப் போனார். காக்கி நிழல் பட்டால் மை கலங்கிவிடும் என்று சாமி முன்பே சொல்லி வைத்திருந்தார்.

சாமி வெகுநேரம் வெற்றிலையைப் பார்த்தார். கண்ணை மூடினார். “பொம்பள” என்றார். பிறகு, “கையில பசை ஒட்டியிருக்கு. உங்க வீட்டுக்குள்ள வந்து போற கை. பொருளு அடுப்புல எரிஞ்சு சாம்பலாப் போச்சு” என்றார்.

பிரஸ்ஸின் பைண்டிங் பகுதியில் பதினெட்டுப் பெண்கள் வேலை பார்த்தார்கள். பதினெட்டுப் பேர் கையிலும் பசை உண்டு. ஆனால் அண்ணாச்சி வீட்டுக்கு வந்து, மீட்டர் பெட்டிக்குப் பின்னாலிருந்து சாவி எடுத்து, மத்தியானச் சாப்பாட்டுத் தூக்குவாளியைக் கொண்டு வருகிறவர் ஒருவர்தான். சின்னத்தாய். ஊர் எம். புதுப்பட்டி. பதினான்கு வருஷமாக வேலை பார்க்கிறவள். பொங்கலுக்கு அண்ணாச்சி வீட்டுப் பெண்களோடு சேர்ந்து முறுக்குச் சுற்றுகிறவள்.

அண்ணாச்சி அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட அவள் பதில் சொல்லியிருப்பாள். நாளை முதல் வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். ஏன் என்று கேட்டாள். சாமி மையில் பார்த்துச் சொன்னதைச் சொன்னார்.

சின்னத்தாய் கையிலிருந்த பசையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “அந்த மையில என் மொகத்த எனக்கும் காட்டச் சொல்லுங்க மொதலாளி. நானும் ஒரு தடவ பாத்துக்கிறேன்” என்றாள்.

அண்ணாச்சிக்கு மிஷின் சத்தத்தில் அது காதில் விழாத மாதிரி இருந்தது. மிஷின் அப்போது ஓடவில்லை.

செய்தி மினிபஸ்ஸைவிட வேகமாக எம். புதுப்பட்டிக்குப் போனது. சின்னத்தாயின் மகள் யோகேஸ்வரிக்கு அச்சங்குளத்தில் மாப்பிள்ளை பார்த்து, ஐப்பசியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். இப்போது மாப்பிள்ளை வீட்டார், அவசரமில்லை, தை பிறக்கட்டும் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார்கள். எந்தத் தை என்று சொல்லவில்லை.

பிரஸ்ஸுக்கு எதிர்மாடியில் பைரோஜா ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திவந்தாள். நான்கு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். அண்ணாச்சியிடம் கல்யாணப் பத்திரிகை அடித்து வாங்கி, இன்டர்நெட்டில் போட்டோ போட்டு மலேசியா வரைக்கும் விற்பாள். அண்ணாச்சிக்கு அந்த வியாபாரத்தில் நம்பிக்கையே வந்ததில்லை. விற்கிறவன் முகத்தைப் பார்க்காமல் எப்படிப் பொருளை வாங்குகிறார்கள், சனங்களுக்குப் புத்தி இல்லையா என்று அவளிடமே கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு நேராக மைச்சாமி வரிசைக்குப் போயிருக்கிறார்.

சின்னத்தாயை நிறுத்திய விஷயம் தெரிந்ததும் பைரோஜா படி இறங்கி வந்தாள். காலண்டர் சீசனில் அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். என்ன போனது, என்ன போகவில்லை என்று விவரமாகக் கேட்டாள்.

“அண்ணாச்சி, பீரோவுல வெள்ளி விளக்கு இருக்கு, சங்கிலி இருக்கு. ரெண்டையும் விட்டுட்டு ஒருத்தி பழைய தீப்பெட்டி லேபிள எடுத்துட்டுப் போயி அடுப்புல போட்டாளாக்கும்? அது வெலை போகும்னு தெரிஞ்சவகதான் எடுத்திருக்காக. வாங்குற ஆளு சிவகாசியில இல்ல. அந்த ஆளு எங்கன இருக்கானோ அங்கன போயிப் பாப்போம், மேல வாங்க.”

அண்ணாச்சி மாடி ஏறினார். பைரோஜா ஒரு ஏலத் தளத்தைத் திறந்தாள். யார் வேண்டுமானாலும் பொருளைப் போட்டோ எடுத்துப் போடலாம், யார் வேண்டுமானாலும் விலை கேட்கலாம். தீப்பெட்டி லேபிள் என்று ஆங்கிலத்தில் தட்டினாள். படங்கள் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் திறந்தன. நான்காவது படத்தில் ஒரு புலி நின்றது. வால் இல்லாத புலி. அச்சுக் கல் உடைந்ததால் வால் விழாமல் போன லேபிள் அது. அதன் கீழே நீல மையில், ‘வால் இல்லாப்’ என்பது வரை தெரிந்தது. மீதி எழுத்து படத்துக்கு வெளியே போயிருந்தது. அண்ணாச்சியின் கையெழுத்து.

அவர் திரையில் மூக்கு ஒட்டும் அளவுக்குக் குனிந்தார். முதலில் வாயில் வந்தது இதுதான்: “சாம்பலாப் போச்சுன்னாரே.”

“சாம்பலத்தான் போட்டோ புடிச்சுப் போட்டிருக்காக போல” என்றாள் பைரோஜா.

அப்போதும் பாருங்கள், முப்பது வருஷம் அச்சுத் தொழில் செய்த மூளை எங்கே போனது என்றால், இதை உடனே சாமியிடம் சொன்னால் விற்கிறவன் யார் என்று மையில் பார்த்துச் சொல்லிவிடுவாரே என்றுதான் போனது. எழுந்தும்விட்டார். பைரோஜா அவரைப் பிடித்து உட்கார வைக்கவில்லை. படிவத்தில் என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். அண்ணாச்சி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். சாவி வைக்கும் இடம் வரைக்கும் வந்தபோது அவராகவே உட்கார்ந்துவிட்டார். அந்தப் படிவத்தை அச்சடித்ததும் அவர்தான்.

இருவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஸ்டேஷன் சுவரிலும் மைச்சாமி காலண்டர் தொங்கியது. ஆனால் சப்-இன்ஸ்பெக்டர் ராம்குமார் புதிதாக மாறி வந்தவர், சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். அதே விற்பனையாளர் வேறு என்னவெல்லாம் விற்கிறார் என்று பைரோஜா காட்டினாள். மொத்தம் முப்பத்தேழு பொருள். கேமரா, கைக்கடிகாரம், செல்போன், வெள்ளிக் குங்குமச்சிமிழ். புகார்ப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் ஒத்துப்போனது மூன்றுதான். மீதிப் பேர் எல்லாம் மை கலங்கிவிடும் என்று ஸ்டேஷன் பக்கமே வரவில்லை. திருடனுக்கு இப்படி ஒத்துழைப்புக் கொடுக்கும் ஊரைத் தான் பார்த்ததில்லை என்றார் ராம்குமார்.

ஏலத் தளத்துக் கம்பெனிக்கு ஸ்டேஷனிலிருந்து கடிதம் போனது. பதில் வருவதற்குள் ஆல்பத்தை பெல்ஜியத்துக்காரர் ஒருவர் விலை ஏற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை ஏலம் முடிந்துவிடும். அதனால் மதுரை வாடிக்கையாளர் என்ற பெயரில் அண்ணாச்சி தன் பொருளைத் தானே ஏலம் கேட்டார். பெல்ஜியத்துக்காரர் ஏற்றும்போதெல்லாம் மாடி ஏறி வந்து தானும் ஏற்றினார். எங்கோ இருக்கும் எவனோ ஒருவனுக்கு இதன் அருமை தெரிகிறதே என்று இடையில் ஒரு நிமிஷம் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

நான்காம் நாள் பதில் வந்தது. அந்தக் கம்பெனியில் கணக்குத் திறக்கிற எவரும் நிஜமான போன் நம்பர் கொடுத்தாக வேண்டும், குறுஞ்செய்தி வந்து உறுதி செய்தாக வேண்டும். நம்பர் இருந்தது, பேங்க் கணக்கு இருந்தது, சாத்தூரில் கூரியர் கொடுக்கும் இடம் இருந்தது. பெயர் கருத்தப்பாண்டி. மை இல்லை, வெற்றிலை இல்லை, விளக்கும் இல்லை. ஒரு தாளில் எல்லாம் டைப் அடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை மூவரும் சாமியிடம் போனார்கள். ராம்குமார் கட்டம் போட்ட சட்டையில் வந்தார். வேறு இரண்டு போலீஸ்காரர்கள் பக்தர்களாக வரிசையில் நின்றார்கள். அதில் ஒருவர் நிஜமாகவே பக்தர், கன்னத்தில் போட்டுக்கொண்டார். பைரோஜா தோளில் ஒரு பெரிய துணிப்பை. நாற்பத்தொன்றாம் டோக்கன் வந்ததும் அண்ணாச்சி உள்ளே போய் உட்கார்ந்தார். சுற்றிலும் நூறு பேர். பைரோஜா சொல்லிக் கொடுத்தபடி, தன்னிடம் இன்னொரு ஆல்பம் இருந்தது, பட்டாசு லேபிள் ஆல்பம், பிரஸ்ஸில் வைத்திருந்தது, அதையும் காணோம் என்றார். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் நடுங்கியது. சாமி அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

மை தடவினார். விளக்கைத் தூண்டினார். உற்றுப் பார்த்தார்.

“அதே கைதான். அதே பசைதான்” என்றார். “இதுவும் சாம்பலாயிருச்சு. அவ வீட்டு அடுப்பத் தோண்டிப் பாருங்க, தெரியும்.”

தன் பொய்யைச் சாமி கண்டுபிடித்துவிடுவாரோ என்று அண்ணாச்சி அந்த நிமிஷம் வரைக்கும் ஒரு ஓரத்தில் பயந்துகொண்டுதான் இருந்தார். முந்தின வாரம் இதே குரலைக் கேட்டுத்தான் பிரஸ்ஸுக்குப் போய் ஒரு பெண்ணை வெளியே அனுப்பினோம் என்று நினைத்தபோது, அவரால் தலை நிமிர முடியவில்லை.

பைரோஜா துணிப்பையிலிருந்து பட்டாசு லேபிள் ஆல்பத்தை எடுத்து வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்தாள். “சாமி, இது நேத்திருந்து என் கடையிலதான் இருக்கு. சாம்பல் ஒண்ணும் ஒட்டலயே” என்றாள்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நாகையா அசரவில்லை. தெய்வத்தைச் சோதித்தால் மை கோபித்துக்கொண்டு மாற்றிக் காட்டும் என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள், சாமியைச் சோதிக்க இவர்கள் யார் என்று பைரோஜாவையே முறைத்தாள். அந்த இடத்தில் சாமி தப்பித்திருப்பார். நம்புகிறவர்கள் அவருக்காகப் பாதி வழக்கை வாதாடி முடித்துவிட்டார்கள்.

ராம்குமார் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, தாளைப் பார்த்து ஒரு நம்பரை அழுத்தினார்.

கருத்தப்பாண்டியின் இடுப்பிலிருந்து ஒரு குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது. அந்த வருஷம் ஊரெல்லாம் வைத்திருந்த ரிங்டோன். அவன் அவசரமாக அமுக்கினான். ராம்குமார் மறுபடி அழுத்தினார். குழந்தை மறுபடி சிரித்தது.

“எடுத்துப் பேசுப்பா” என்றார் ராம்குமார். “மதுரை வாடிக்கையாளர் பேசுறேன். வால் இல்லாப் புலிய நேர்ல வாங்கிட்டுப் போகலாம்னு வந்தோம்.”

கருத்தப்பாண்டி ஓடப் பார்த்தான். கன்னத்தில் போட்டுக்கொண்ட போலீஸ்காரர்தான் அவன் சட்டையைப் பிடித்தார். பின்கட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு கம்ப்யூட்டர், பார்சல் கட்டும் டேப், அட்டைப் பெட்டிகள், அலமாரி நிறைய விண்ணப்பப் படிவங்கள். சிலவற்றின் மேல் சிவப்புப் பேனாவால் ‘முடிந்தது’ என்று எழுதியிருந்தது. கருத்தப்பாண்டியின் மச்சினன் படிவத்தோடு வீட்டுக்குப் போவான். வீட்டுக்காரர் கையில் டோக்கனோடு இங்கே நிற்பார். அவர் திரும்பி வருவதற்கு இன்னும் எத்தனை பேர் பாக்கி என்று கருத்தப்பாண்டி போனில் சொல்லிக்கொண்டே இருப்பான். சைக்கிளையும் குடத்தையும் பெயர் எடுப்பதற்காகத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதிதான் கடல் தாண்டியது. அந்த ஒரு விஷயத்தில் சாமி பொய் சொல்லவில்லை.

இன்னும் விலை போகாத பொருள்கள் இருந்த பெட்டிகளை வெளியே கொண்டு வந்து வைத்ததும் கூட்டம் நெருங்கியது. இது என் கேமரா, இது எங்கள் வீட்டுச் சிமிழ் என்று ஆளுக்கொரு பக்கம் அடையாளம் சொன்னார்கள். மினிபஸ் டிரைவர் தன் கைக்கடிகாரத்தை எடுத்து ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்த்தார். கருப்பணன் என்ற பெரியவர் மட்டும், தொலைந்த பொருள் அத்தனையும் சாமி வீட்டிலேயே கிடைத்துவிட்டதே, இதைவிடப் பெரிய சக்தி உண்டா என்று உருகிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்த நாகையாவுக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆல்பம் கோர்ட்டுக்குப் போய்த்தான் வரும் என்று ராம்குமார் சொன்னார். அண்ணாச்சி சரி என்று தலையாட்டினார். முப்பது வருஷத்து உயிர் அட்டைப் பெட்டிக்குள் சீல் வைக்கப்படுவதை நின்றுகூடப் பார்க்கவில்லை. நேராக எம். புதுப்பட்டி பஸ் ஏறினார்.

சின்னத்தாய் வாசலில் விறகு உடைத்துக்கொண்டிருந்தாள். பார்த்தவள் எழுந்திருக்கவில்லை. அவராக ஒரு கல்லில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். தப்புப் பண்ணிவிட்டேன் என்றார். மறுநாள் முதல் வேலைக்கு வரவேண்டும் என்றார். அவள் கேட்டுக்கொண்டே இரண்டு விறகு உடைத்தாள்.

“எங்கிட்ட சொல்றதுக்கு இம்புட்டுத் தூரம் வந்திருக்க வேண்டாம் மொதலாளி. நான் எடுக்கலங்கிறது எனக்குத் தெரியும்” என்றாள். “தெரியாதவுக அச்சங்குளத்துல இருக்காக. பிரஸ்ஸுல பதினேழு பேரு இருக்காக. அங்கன சொல்லுங்க.”

அன்றைக்கே போனார். மாப்பிள்ளை வீட்டில், நான்கு பேர் கேட்க, சின்னத்தாய் திருடவில்லை, நான்தான் அறிவில்லாமல் பழி போட்டேன் என்று சொன்னார். மறுநாள் பைண்டிங் பகுதியில் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு அதையே மறுபடி சொன்னார். கல்யாணம் ஐப்பசியிலேயே நடந்தது. பத்திரிகையை அண்ணாச்சியே அச்சடித்துக் கொடுத்தார்.

சின்னத்தாய் வேலைக்குத் திரும்பிய அன்று, அண்ணாச்சி தயங்கித் தயங்கி அவளிடம் ஒன்று கேட்டார். பதினான்கு வருஷம் பழகியும் தனக்கு ஏன் அவள் மேல் சந்தேகம் வந்தது என்பது தனக்கே புரியவில்லை, அந்த நாகையா ஏதும் வசியம் வைத்திருப்பானோ என்றார்.

சின்னத்தாய் காலண்டர் அட்டையில் பசை தடவிக்கொண்டே அவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

“வசியமெல்லாம் இல்ல மொதலாளி. யோசிக்கிற வேலைய அவன்கிட்டக் குடுத்தீக, அவன் கூலிய எடுத்துக்கிட்டான். இனிமே அந்த ஒரு வேலைய மட்டும் வெளிய குடுக்காதீக” என்றாள்.